சுனந்தாவின் பக்கத்து இடம்

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தால் சுனந்தா பேருந்தைப் பார்ப்பதில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யாரைக் கண்டு யார் எழுந்து போகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்லூரிக்குப் போகிற வண்டியைக் கோட்டைவிடுவது அவளுக்கு வாடிக்கை. "போனா போகட்டும்டி. அந்தம்மா ஏன் எழுந்து நின்னாங்க, பாத்தியா?" என்பாள் என்னிடம்.

கர்நாடகத்துத் தார்வாடில் நாங்கள் சமூகவியல் எம்.ஏ. படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. முதல் நாளே எங்களை ஆட்களைக் கவனித்து எழுதிவரப் பேருந்து நிலையத்துக்குத்தான் அனுப்பினார்கள். பிறகு வீடு வீடாகக் கணக்கெடுக்கக் கிராமங்கள். ஒரு வீட்டில் சுனந்தா, "எத்தனை பசங்க? நிலம் எவ்வளவு? கடன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போக, வீட்டுக்காரர் உள்பக்கம் திரும்பி, "டேய், நல்ல சட்டை போட்டுட்டு வாடா! பொண்ணே நேர்ல வந்திருக்கு" என்று கத்திவிட்டார். மழையில் நனைந்து திரும்பிய வழியெல்லாம் சிரித்தோம். அந்த மழையும் அந்தச் சிரிப்பும் இனி எனக்கு எங்கே கிடைக்கும்!

அன்று நனைந்தவர்களில் ஒருத்தி இப்போது சிறையில் நல அலுவலர். ஒருவன் மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தைரியம் சொல்கிறான். நானும் சுனந்தாவும் அதே பாடத்தை நடத்துகிறோம். இந்த வருடம் இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் பாடத்தையே நிறுத்திவிடுவோம் என்றது கல்லூரி.

சேர்க்கையின் கடைசி நாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுனந்தாவோ வராந்தா பெஞ்சில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். சென்னப்பா என்பவர் மகள் நீலவ்வாவோடு வந்தார். மகளுக்கு எங்கள் பாடம்தான் வேண்டும், அவருக்கு வணிகவியல்.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும், அக்கோரே?" டீச்சரைத் தார்வாடு பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

நான் ஜெயில், ஆஸ்பத்திரி என்று அடுக்கினேன்.

"ஜெயிலுக்கு அனுப்பவா பெத்தேன்?"

சுனந்தா அவரை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "பஸ்ல உன் பக்கத்துல யாரு உக்காந்தா?"

"யாருமில்ல. அப்பா பையை வெச்சுட்டாரு. ஒரு அம்மா கைக்குழந்தையோட நின்னுட்டே வந்தாங்க. நான் பையை எடுத்தேன். அவங்க கீழத்தெரு சாதின்னு அப்பா திரும்ப வெச்சுட்டாரு."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். வாயை மூடுன்னாரு."

சென்னப்பா செருமினார். மகள் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கினார். "வீட்லயும் இப்படித்தான், கேள்வி கேட்டே கொல்றா. நீங்களே வெச்சுக்கங்க, அக்கோரே. எங்க கையெழுத்துப் போடணும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுனந்தா பெஞ்சில் தன் பக்கத்திலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.