எண்பது கிராமில் உருளைக்கிழங்கு சேராது

வச்சலாவின் வலது உள்ளங்கையில் ரேகைகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தோசைக்கல்லில் தீய்ந்துபோயின.

அப்போது மாமல்லபுரம் கடலோரத்து விடுதி ஒன்றில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் திருப்போரூர் பக்கம். பத்தாவது வரை படித்தவள். புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தபின் எட்டு வருடமாக அந்தச் சமையலறைதான் பிழைப்பு.

அங்கே தலைமைச் சமையல்காரன் தர்மராஜ். எல்லோரும் 'செஃப்' என்றுதான் கூப்பிட வேண்டும். கோபம் வந்தால் கரண்டிக் காம்பால் முதுகில் போடுவான், தட்டை முகத்துக்கு வீசுவான். பாத்திரம் கழுவும் யோகேஸ்வரியின் முன்பல் அப்படித்தான் உடைந்தது. குப்பத்துப் பெண்ணான அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு, மறுபடி கழுவ உட்கார்ந்தாள்.

அலைச்சறுக்குப் போட்டிக்கு மூன்று நாட்டு அணிகள் வந்து தங்கின. வீரர்களுக்கு வேளைக்கு எத்தனை பங்கு காய்கறி வேண்டும் என்று ஒவ்வோர் அணியும் சீட்டு கொடுத்தது. ஒரு பங்கின் எடையே நாட்டுக்கு நாடு மாறியது. பிரிட்டனுக்கு எண்பது கிராம், ஆஸ்திரேலியாவுக்கு எழுபத்தைந்து, ஜப்பானுக்கு எழுபது. ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் உருளைக்கிழங்கையும் காய்கறியில் சேர்த்தன. பிரிட்டன் சேர்க்கவில்லை, அவர்களுக்கு அது சோறு, ரொட்டி மாதிரி. வச்சலா சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்து, மூன்றாகப் பிரித்து நிறுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் பீன்ஸ் தீர்ந்துபோனது. உருளைக்கிழங்கைப் போட்டு எடையைச் சரிக்கட்டச் சொன்னான் தர்மராஜ்.

"செஃப், பிரிட்டன்காரங்களுக்கு உருளைக்கெழங்கு கணக்குல வராது. சீட்டுல போட்டுக்கீது."

"போடுடீன்னா போடு."

போட்டாள். பன்னிரண்டு தட்டுகள் திரும்பி வந்தன. அந்த அணியின் உணவு ஆலோசகரான பெண் உள்ளே வந்து, எல்லோர் முன்னாலும் சீட்டில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினாள். அவள் போகும்வரை தர்மராஜ் சிரித்துக்கொண்டே நின்றான். கதவு சாத்தியதும் வச்சலாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். காட்டிக் கொடுத்தது அவள்தான் என்று முடிவு கட்டியிருந்தான். அவள் வலது கையை விரித்துச் சூடான தோசைக்கல்லில் வைத்து, தன் முழு உடம்பாலும் அழுத்தினான். தோல் சுருங்கும் சத்தம் யோகேஸ்வரிக்குக் கேட்டது.

வச்சலாவின் இடது கைக்கு எட்டியது எடை மெஷின்தான். நல்ல கனம். அதைத் தூக்கி அவன் தலையில் அடித்தாள். அவன் விழுந்தான். விழுந்தவன் வாயில் இன்னொரு முறை அடித்தாள்.

"ரெண்டாவது அடி தேவையில்ல. ஆனா அடிச்சேன்," என்று போலீசிடம் அவளே சொன்னாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கைக்கட்டு, அவனுக்குப் பதினொரு தையல். கால் வழுக்கிக் கல்லில் விழுந்தாள் என்று விடுதி எழுதிக் கொடுத்தது. சமாதானமாகப் போகச் சொல்லி மூன்று தடவை ஆள் அனுப்பியது. அவள் மறுத்துவிட்டாள். யோகேஸ்வரி கோர்ட்டில் கூண்டேறி, பார்த்ததைச் சொன்னாள். தன் உடைந்த பல்லையும் காட்டினாள். அவள் வேலையும் போனது.

அவன் மேலும் அவள் மேலும் போட்ட இரண்டு வழக்கிலும் போன மாதம் தீர்ப்பு வந்தது. தர்மராஜுக்கு ஜெயில். வச்சலா செய்ததும் குற்றம்தான் என்று சொல்லி, நன்னடத்தை ஜாமீனில் விட்டார் நீதிபதி.

இப்போது அணுபுரம் ரோட்டில் இருவரும் மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். யோகேஸ்வரி நறுக்குகிறாள், வச்சலா இடது கையால் கிளறுகிறாள். வரிசையில் யாராவது குரலை உயர்த்தினால் அவள் உடம்பு தூக்கிப்போடுகிறது. யோகேஸ்வரி போய் அந்த ஆளுக்கு முதலில் பரிமாறி அனுப்பிவிடுகிறாள்.