ஏழாம் எண் சோலோவும் என் அண்ணியும்

என் அண்ணி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறார். மீதி நேரமெல்லாம் கிதார் பைத்தியம். ஒரு தந்தியைக்கூட மீட்டத் தெரியாது. ஆனாலும் இணையத்தில் அவர் நடத்தும் கிதார் ரசிகர் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். வருஷத்துக்கு ஒரு முறை சிறந்த கிதார் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, ஓட்டெடுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் வாசித்து அனுப்பலாம். பெயர் வெளியே வராது, எண் மட்டும்தான். பெயரைப் போட்டால் ஜனங்கள் காதை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள் என்பது அண்ணியின் கட்சி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அற்புதமாக வாசிப்பான், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு. நாலு பேர் முன்னால் என்றால் வெலவெலத்துப் போவான். இந்த லட்சணத்தில் ஒரு பேண்டுக்காரர் எப்படியோ கேள்விப்பட்டு, தன் இசைக்குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "மாட்டேன்" என்பதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தான். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. கதவுக்கு வெளியே போனை வைத்து அவன் வாசித்ததைப் பதிவு செய்து, ஓட்டெடுப்பில் ஏழாம் எண்ணாகப் போட்டுவிட்டார்.

"அண்ணி, இது கள்ளாட்டம் இல்லையா?"

"பேர் போட்டேனா? நான் ஓட்டு போட்டேனா? வாயை மூடிட்டு இரு."

முதல் நாளே குழுவில் ஒருவர் ஏழாம் எண்ணைக் கிழித்துத் தொங்கவிட்டார். "சுத்த வேஸ்ட். நடுவுல தடுமாறுது. யாரும் ஓட்டு போட்டு ஏமாறாதீங்க." எழுதியவர் பெயர் 'துருப்பிடித்த தந்தி'. அந்தப் புனைபெயர் யாருடையது என்று எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். சாட்சாத் என் அண்ணன்! தன் வாசிப்பை அடையாளம் கண்டு, வெட்கம் தாங்காமல், தன்னையே தோற்கடிக்கக் கிளம்பிவிட்டான். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணியும் விடவில்லை. இருவரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்து எனக்குத்தான் புரையேறியது.

குழு சும்மா விடுமா? "உமக்குக் காது இருக்கா?" "அந்தத் தடுமாற்றம்தான்யா உயிரே!" ஒரு பஸ் டிரைவர், "டிப்போவுல எல்லாரும் இறங்கின பிறகும் நான் இறங்கல. திரும்பத் திரும்பக் கேட்டேன்" என்று எழுதினார். அண்ணன் ஒருவரையும் விடாமல் மல்லுக்கு நின்றான். கடைசியில், வாசித்தவரை இழிவுபடுத்துகிறவரை வெளியேற்றும் விதியைக் காட்டி, எல்லாரும் அண்ணியை நெருக்கினார்கள். விதியை எழுதியதே அவர்தான். அடுத்த அறையில் புருஷன் இருக்க, இவர் சமையலறையில் நின்று அவனைக் குழுவிலிருந்து நீக்கினார். வெளியேற்றப்பட்டவர்கள் பார்க்கலாம், கேட்கலாம். எழுதவோ ஓட்டுப் போடவோ முடியாது.

மறுநாள் என் கண்ணாடிக்குத் திருகு முடுக்க நான் அண்ணியின் கடைக்குப் போயிருந்தேன். கிரீஸ் படிந்த சட்டையோடு அண்ணன் வந்து நின்றான்.

"என்னை மறுபடியும் குழுவுல சேத்துக்கோ."

"எதுக்குங்க?"

"ஓட்டு போடணும்."

"யாருக்கு?"

தரையைப் பார்த்தான். "ஏழுக்கு. அந்த டிரைவர் எழுதினது மண்டையிலயே நிக்குது. நேத்து ராத்திரி நானே போட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் சட்டம் சட்டமாயிற்றே.

"வாசிச்சவங்க அவங்களுக்கே ஓட்டு போடக் கூடாதுங்க."

அண்ணன் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான். அப்படியே போனை எடுத்தான்.

"யாருக்குங்க போன்?"

"பேண்டுக்காரருக்கு. அவராவது என்னைச் சேத்துக்கறாரான்னு பாக்கறேன்."