சீற்றுக்கு அடியில் இருந்த காகிதம்

என் கணவர் இருபத்துமூன்று வருடங்களாக ஒரு காகிதத்தைத் தேடினார். அதைக் கிழித்துக் கழிப்பறைக்குள் போட்டவள் நான். அவருக்குச் சொல்லாமலே மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடலாம் என்றுதான் நம்பியிருந்தேன். கார் விலைக்குப் போகும் என்று நினைக்கவில்லை.

கார் என்றால் நீங்கள் நினைக்கிற கார் இல்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டு மொடல் செவெல் என்ற அமெரிக்கக் கார், கரும்பச்சை, இரண்டு கதவு. கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் அது இருபத்தாறு வருடம் போர்வை போர்த்துக்கொண்டு கிடந்தது. நான் அத்தனை வருடமும் வெளியே நின்ற என்னுடைய சின்னக் காரில் பனி சுரண்டினேன். காலை ஆறு மணிக்கு, இருட்டில், இரண்டு கையுறை போட்டுக்கொண்டு சுரண்டும்போது அந்தச் செவெலை நான் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது.

அவர் அதை ஒஷாவாவில் ஒரு வெல்டரிடம் வாங்கினார். அந்த மனிதருக்கு மனைவியின் ஆக்கினை தாங்க முடியவில்லையாம், கராஜை ஒதுக்கித் தரச் சொல்லி. அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை, ஆனால் எனக்கு அவளை நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்கள் அப்போது வான் வாங்கினார்கள். ஏழு பேர் ஏறலாம், அரிசி மூட்டை ஏற்றலாம், கோயிலுக்கும் போகலாம். இவர் மட்டும் இரண்டு கதவுக் காரோடு வந்து இறங்கினார். அதுவும் நான் கனடாவுக்கு வந்து ஒன்பதாம் மாதம். என்னுடைய நிரந்தர வதிவிடக் கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியை இரண்டு தரம் திறந்து பார்ப்பேன்.

வீட்டுக்கு வரும் ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. தேநீர் ஆறும் முன்னமே பேச்சைத் தொடங்கிவிடுவார். அறுபதுகளின் நடுவில் அமெரிக்கக் கம்பனிக்காரர்கள் நடுத்தர உடம்புள்ள காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். இளவயதுப் பெடியள் முதல் சம்பளத்திலேயே தவணைக்கு எடுக்கக்கூடிய விலை. சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்பவனைத் தோற்கடிப்பதுதான் அந்தக் கார்களின் வேலை. சரியாகச் சொன்னால் ஏழெட்டு வருட வாழ்வு. எழுபதுகளின் தொடக்கத்தில் காப்புறுதி ஏறியது, புகைக்குக் கட்டுப்பாடு வந்தது, பிறகு எண்ணெய் விலையும் ஏறியது. அதோடு அந்த வம்சம் படுத்துவிட்டது. பலதை மரத்தில் மோதி முடித்தார்கள், மிச்சம் துருப்பிடித்தது. அந்தப் பெடியளுக்கு வயதாகிக் கையில் கொஞ்சம் வசதி வந்தபிறகு, இளமையில் ஓட்டியதைத் திரும்ப வாங்க ஓடித் திரிந்தார்கள். அப்படித்தான் பழைய இரும்பு பொன்னானது. இந்தப் பேச்சை நான் நித்திரையிலும் ஒப்பிப்பேன்.

பொன்னாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சேகரிப்பவர்களுக்குக் கார் ஓடுகிறதா என்பதைவிட அது எப்படிப் பிறந்தது என்பதுதான் முக்கியம். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது மூன்று தலைமுறை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். செவெலில் சாதாரணமானது மலிபு. பெரிய எஞ்சினும் உறுதியான அடிப்பாகமும் போட்டுத் தொழிற்சாலையிலேயே பிறந்தது எஸ்.எஸ். வெளியில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. மலிபுவை வாங்கி எஸ்.எஸ். எழுத்து ஒட்டி, பெரிய எஞ்சின் ஏற்றி விற்றவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அந்த வருடத்துக் காரில் உடம்பு இலக்கத்தைப் பார்த்து எது எதென்று சொல்லவும் முடியாது. எங்களுடையதன் எஞ்சினை முதல் சொந்தக்காரர் எப்போதோ மாற்றிவிட்டார். கனடாவில் விற்ற காராக இருந்தால் கம்பனியிடம் கேட்டுப் பழைய பதிவு எடுக்கலாம். இது எல்லைக்கு அப்பால் விற்று பிறகு இங்கே வந்தது. ஆகவே மிஞ்சியது ஒரே ஒரு சாட்சி. தொழிற்சாலையில் வேலைசெய்தவர்கள் எந்தக் காருக்கு எந்தச் சாமான் பூட்டவேண்டும் என்று பார்க்க வைத்திருந்த ஒரு தாள். வேலை முடிந்ததும் அதைப் பெற்றோல் தாங்கிக்கு மேலேயோ ஆட்கள் இருக்கும் சீற்றின் கம்பிச் சுருளுக்குள்ளேயோ செருகிவிட்டுப் போவார்களாம்.

எங்களுடையதில் சீற்றின் கம்பிச் சுருளுக்குள் இருந்தது.

கார் வந்த கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வதாக ஏற்பாடு. சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி எடுத்தால்தான் வண்டி எங்களுக்குச் சொந்தம். ஊத்தை வண்டியைச் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனேன். பின் சீற்றை அமத்தித் தூக்கினால் கையோடு வந்துவிட்டது. அடியில் சில்லறைக் காசு, ஒரு சீப்பு, எலிப்புழுக்கை. கம்பிகளுக்கு நடுவே நாலாய் மடித்த ஒரு பழுப்புத் தாள்.

விரித்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாக இலக்கமும் எழுத்தும். ஒரு முழுச் சொல் இல்லை.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு நான் ஏன் அப்போது கராஜ் கதவைப் பூட்டினேன் என்று உடனே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். ஊரில் நான் தையல் பழகினேன். யுத்த நேரம் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது என் பையின் அடியில் ஒரு காகிதத் துண்டு கிடந்திருக்கிறது. சிநேகிதி ஒருத்தியின் சட்டை அளவு: பதினாலு, ஒன்பதரை, முப்பத்தாறு, முப்பது. வவுனியாவில் ஆமிச் சோதனைக்காரர் கையில் அது அகப்பட்டது. என்ன குறியீடு என்று கேட்டார்கள். காலையிலிருந்து மத்தியானம் தாண்டும் வரை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, எந்த இலக்கம் உடம்பில் எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். திரும்பவும் காட்டச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவன் தமிழ்ப் பெடியன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு நான் மளிகைச் சாமான் பட்டியல்கூட எழுதி வைத்ததில்லை. அப்படிப்பட்டவளுடைய கையில் முன்பின் தெரியாத ஒருவன் சீற்றுக்குள் ஒளித்த இலக்கத் தாள் வந்தால் என்ன நடக்கும்? பொலிஸ் வரும், என் கடிதம் வராது, எங்கள் இரண்டு பேரையும் திருப்பி அனுப்புவார்கள். எரித்தால் வீட்டில் புகை மணி அடிக்கும். ஆகவே சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து, வாளியில் ஊறப்போட்டுப் பிசைந்து, மூன்று தரமாகக் கழிப்பறையில் ஊற்றினேன். பிறகு சீற்றைப் பூட்டிவிட்டுத் தலையோடு தோய்ந்தேன். சனிக்கிழமை பூசை நன்றாக நடந்தது.

மூன்று வருடம் கழித்து அவர் ஒரு கார்க் கண்காட்சிக்குப் போய்விட்டு ஓடோடி வந்தார்.

“இஞ்சேரும், அண்டைக்குச் சீற் கழட்டித் துடைக்கேக்கை ஏதாவது பேப்பர் கண்டனீரோ? அது தங்கமாம்!”

“இல்லை” என்றேன். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு திரும்பிப்போக வழி இருக்கவில்லை. அவர் பெற்றோல் தாங்கியை இறக்கிப் பார்த்தார். முன் சீற், கம்பளம், கதவுப் பலகை, எல்லாம் கழற்றினார். ஒவ்வொரு வசந்தத்திலும், ஏதோ அந்தக் காகிதம் பனிக்குள் முளைத்து வரும் என்பதுபோலத் திரும்பத் தேடுவார். என் அண்ணை கொண்டாட்டங்களில் சபை நிறைந்த நேரம் பார்த்து வாயைக் கிளறுவார்.

“மச்சான், உமக்கு ஆரோ மலிபுவுக்கு எழுத்து ஒட்டித் தலையிலை கட்டிப் போட்டாங்கள். விளங்குதோ?”

“இல்லை மச்சான், இது ஒரிஜினல். அடிப்பாகம் பாத்தாலே தெரியும்.”

“பேப்பரைக் காட்டுமன்.”

எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். நான் குசினிக்குள் போய்விடுவேன். இருபது வருடமாக நான் கொண்டாட்டங்களில் ஏன் இவ்வளவு கோப்பை கழுவுகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன வருடம் அவருக்கு இடது முழங்கால் மாற்றினார்கள். செவெலின் கிளச் கல்லுப் போன்றது, இனி அந்தக் காலால் அமத்த ஏலாது. படியேறுவதும் எனக்குக் கஷ்டம். பிக்கரிங்கில் மகள் வீட்டுக்குக் கிட்ட ஒரு அடுக்குமாடி பார்த்தோம். நிலத்துக்குக் கீழே ஒரு கார் நிறுத்த மட்டும் இடம். எந்தக் கார் என்று விவாதிக்க ஒன்றுமில்லை.

“அப்பா, ஜஸ்ட் கெட் இட் அப்ரெய்ஸ்ட். சும்மா குடுக்காதேங்கோ” என்றாள் மகள். அவளே மதிப்பீட்டாளர் ஒருவரைத் தேடி ஒழுங்குசெய்தாள்.

ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மதிப்பீட்டாளர் வந்தார். எழுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர், மிக மரியாதையானவர். சப்பாத்தைக் கழற்றவா என்று கராஜ் வாசலில் கேட்டார். கைவிளக்கும் கம்பியில் பூட்டிய கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் காரின் கீழும் மேலும் பார்த்தார். என் கணவர் பரீட்சை மறுமொழிக்கு நிற்கும் பிள்ளைபோலக் கைத்தடியோடு பின்னாலேயே நடந்தார். அடிப்பாகம் சரியாகத்தான் தெரிகிறது என்று அந்த மனிதர் சொன்னதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் காரின் போர்வையை மடிக்கத் தொடங்கினேன்.

ஆனால் அடிப்பாகத்தையும் மாற்றிப் போடலாம் என்றார் மதிப்பீட்டாளர். காகிதம் ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் நான் அசல் என்று எழுத முடியாது, எஸ்.எஸ். போல அமைத்த கார் என்றுதான் எழுதவேண்டும். விலையில் அது பெரிய வெட்டு, பாதிக்குக் கிட்ட வரும், மன்னிக்கவேண்டும். பின் சீற்றை நன்றாகப் பார்த்தீர்களா?

என் கணவர் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். வாங்கிய கிழமையே என் மனைவி சீற்றைக் கழற்றித் துப்புரவாக்கினாள். அவள் கண்ணில் படாமல் ஒரு குண்டூசி தப்பாது. அவள் இல்லையென்றால் இல்லைதான்.

அந்த மனிதர் தலையாட்டிவிட்டு, படிவம் எழுதத் தன் வண்டிக்குப் போனார்.

என் கணவரின் முகத்தில் அந்தப் பெருமை அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இன்னொரு நிமிடம் நிற்க முடியவில்லை. களைத்துவிட்டேன். வேறு காரணம் இல்லை. நல்லவளாகிவிட்டேன் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம்.

“பேப்பர் இருந்தது” என்றேன். “சீற்றுக்கடியிலை. நான்தான் கிழிச்சனான்.”

அவர் விளங்காமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வாளி வரைக்கும். தையல் துண்டின் கதை அவருக்கு முன்னமே தெரியும். அது தெரிந்துதான் என்னைக் கட்டினார். அவர் காரின் பின்பக்கத்தில் மெதுவாகச் சாய்ந்தார். அந்தக் காரில் ஒருவரும் சாயக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே?”

“நீங்கள் கேட்ட நேரம் அது தங்கம் எண்டு சொன்னனீங்கள். நான் என்னெண்டு சொல்லுறது?”

அவர் திரும்பிப் பின் கண்ணாடிக்குள்ளால் சீற்றைப் பார்த்தார். தெருவில் குப்பை லொறி போய் முடிந்தது. பிறகு, ஏதோ கடையில் விலை விசாரிப்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்:

“அதிலை எஸ்.எஸ். எண்டு எங்கையும் இருந்ததோ?”

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. உலகத்தில் அந்தத் தாளைக் கண்டவர்களில் எனக்குத் தெரிந்து உயிரோடிருப்பவள் நான் ஒருத்தி. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், செத்தாலும் அந்தச் சந்தோஷத்தோடு செத்திருப்பார். ஆனால் இன்னொரு பொய்யைத் தூக்க எனக்குப் பலமில்லை.

“வாசிக்கேல்லை. இலக்கத்தைக் கண்டவுடனை பயந்து போனன்.”

அவர் தலையை ஆட்டினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே அந்த மனிதரின் வண்டிக்குப் போனார். நான் பின்னால் நின்று கேட்டேன். காகிதம் இருந்திருக்கிறது என்றார். என் மனைவி கண்டிருக்கிறாள், தவறுதலாகப் போய்விட்டது. அந்த மனிதர் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நல்லது என்று சொல்லி, எழுதியதை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். காரும் அந்த விலைக்கே போனது, கிங்ஸ்ரனில் இருந்து வந்த ஒருவருக்கு.

அன்று பின்னேரமே இவர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மச்சான், பேப்பர் இருந்திருக்கு. உங்கடை தங்கச்சி கண்ணாலை கண்டவ. இனி நீங்கள் ஒண்டும் கதைக்கேலாது.”

அண்ணை மறுபக்கத்தில் ஏதோ கேட்டார். “அது எப்பவோ துலைஞ்சு போச்சு. ஆர் துலைச்சதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார் இவர்.

பேசி முடித்துவிட்டு, காகிதம் இருந்தது என்பதே தனக்குப் போதும், மனம் ஆறிவிட்டது என்று என்னிடமும் சொன்னார். தொழிற்சாலையில் எல்லாக் காருக்கும் அந்தத் தாள் போடுவார்கள், எஸ்.எஸ்.ஸுக்கும் போடுவார்கள், மலிபுவுக்கும் போடுவார்கள். தாள் இருந்ததென்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். நான் ஓம் என்று சொல்லிவிட்டு அவருடைய முழங்காலுக்கு ஐஸ் எடுத்து வந்தேன்.