ஒரு லிட்டர் டீசல்

ஐடி கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்ப ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்க நினைத்தேன். ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. எது மைலேஜ் அதிகம் தருகிறதோ அதைத்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

மெக்கானிக் அந்தோணி ஹைதராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர். டேங்க் குழாயைக் கழற்றி, ஒரு லிட்டர் டீசல் ஊற்றிய பாட்டிலில் சொருகி என் மடியில் வைத்தார். அது தீரும்வரை அவர் ஓட்டிப் பார்ப்பார். முதல் வண்டி பதினோரு கிலோமீட்டர் ஓடி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. இரண்டாவது அதைத் தாண்டியும் ஓடியது. சைனிக்புரி பக்கம் ரயில்வே கேட் வந்தது.

"இங்கயே நிறுத்திடலாம் சார். அடியில கொஞ்சம்தான் இருக்கு."

"கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டுங்க. அப்பதான் கணக்கு சரியா வரும்."

தண்டவாளத்தின் மேல் இன்ஜின் அணைந்தது. கேட் மணி அடித்தது. நான் எட்டிச் சாவியைத் திருகினேன்.

"நக்கோ, வேணாம் சார், டீசல் லைன்ல காத்து புகுந்துடுச்சு. இனி எடுக்காது, இறங்குங்க" என்று அந்தோணி குதித்தார்.

நான் இறங்காமல் சாவியையே திருகிக்கொண்டிருந்தேன். கேட்கீப்பர் "தோயண்டி, தோயண்டி" என்று தெலுங்கில் தள்ளச் சொல்லிக் கத்த, ஸ்கூட்டர்காரர்களும் பர்தா அணிந்த ஓர் அம்மாவும் ஓடிவந்து என்னோடு சேர்த்தே வண்டியைத் தள்ளினார்கள். அந்தப் பக்கம் சேர்ந்த சிறிது நேரத்தில் ரயில் கடந்தது. காலி பாட்டில் மடியில் அதிர்ந்தது.

மூச்சு வாங்கியபடி அந்த அம்மா இந்தியில் கேட்டார்: "வண்டிக்கு என்ன ஆச்சு?"

நான் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

அந்தோணி மீட்டரைப் பார்த்தார். "இதுதான் சார் மைலேஜ் ஜாஸ்தி."

வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைத்தான் வாங்கினேன்.