தொடாமல் வைத்த லாபம்

ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் மேல் மாடிகளுக்குப் போன பிறகு எங்களுக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. மற்றவர்கள் கோப்பி குடிப்பார்கள். நான் போனைத் திறந்து, நான் காசு போட்ட நிதியத்தில், அதாவது பண்டில், ஒரு பங்கு இன்றைக்கு எத்தனை டொலர் என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவேன். மூன்று வருடமாகச் சுவிஸ் நாட்டு லோசானில் என் இடைவேளை அப்படித்தான் போனது.

"நானா, உம்மட பண்ட் எழும்பினதோ, இன்னும் படுத்திருக்கோ?" என்று கேட்பார் பாத்திரம் கழுவுகிற யாழ்ப்பாணத்து அண்ணை. என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறை வைத்து நானா என்பது ஊர் வழக்கம் என்றபடியால் அவருக்கு நான் நானா.

"படுத்துத்தான் கிடக்குது அண்ணை."

"அப்ப என்ர சீட்டில சேரும். முதல் சீட்டை உமக்கே தாறன். இந்தக் கொப்பியையும் எறியலாம்."

சிரித்துச் சமாளிப்பேன்.

அது வட்டி இல்லாத நிதியம். கடன் கொடுத்து வட்டி வாங்காமல், கட்டடம், சரக்கு போன்றவற்றில் பங்கு வாங்கி, அவற்றின் வாடகையிலும் லாபத்திலும் நமக்கு வருவதைத் தருவார்கள். சுக்கூக் என்று பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு இவ்வளவுதான் விளங்கியது. இருந்தும் என் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டேன். நானும் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போக வைத்திருந்த காசு அது.

மனைவியின் முழங்கால் தேய்ந்துகொண்டு வந்தது. "சக்கர நாற்காலியில இல்ல, என்ர காலால நடந்து கஃபாவைச் சுத்தோணும்" என்று சொல்லிவிட்டாள். அந்த வருடம் போகாவிட்டால் இனி நடந்து போக முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஹஜ் பதிவு திறக்க இரண்டு மாதம் இருந்தது.

அப்படி இருக்கிற நேரத்தில் ஒரு நாள் காலையில் பங்கு விலை மளமளவென்று இறங்கியிருந்தது. கொப்பியில் சிவப்பு வட்டம் போட்டேன். பழைய பக்கங்களைப் புரட்டினால் அங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒன்றாகச் சிவப்பு வட்டங்கள். இது குழிக்குள்ளேதான் போகிறது என்று முடிவு கட்டினேன். வேலை முடிந்த கையோடு மெற்றோ பிடித்து வங்கிக்குப் போய், எல்லாவற்றையும் விற்கிற படிவத்தை நிரப்பினேன்.

அங்கே இருந்த பெண் படிவத்தை வாங்கவில்லை. பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: "இதுவரை வந்த பங்கீட்டுத் தொகையை என்ன செய்தீர்கள்?"

"அதைத் தொடவில்லை, மேடம்."

தொடவில்லைதான். நிதியம் உழைத்த காசில் சிறு பகுதி வட்டி கலந்ததாக இருக்கலாம், அந்தப் பகுதியைத் தர்மம் செய்துவிட்டுத்தான் மிச்சத்தை எடுக்கலாம் என்று தொடக்கத்திலேயே பள்ளிவாசலில் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு பகுதி என்று கேட்கப் பயம். பிழையாகக் கணக்குப் பார்த்தால் பாவமல்லவா? அதனால் வருகிற லாபம் எல்லாம் வேறொரு கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தேன். அதோடு அந்தக் கணக்கின் கடிதங்களை உடைக்காமலே மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

அவள் என் கொப்பியை வாங்கிச் சிவப்பு வட்டங்களில் விரலை வைத்தாள். லாபத்தைப் பிரித்துக் கொடுத்த நாட்கள் இவை, கொடுத்த அளவுக்கு விலை இறங்கத்தான் செய்யும் என்றாள். நான் செத்துப் பிழைத்த ஒவ்வொரு நாளும் எனக்குக் காசு வந்த நாள்!

தர்மம் செய்யவேண்டிய பகுதி எவ்வளவு என்று வருட அறிக்கையிலேயே போட்டிருந்தது. அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்துத் தந்தாள்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். முழுக் கணக்கையும் நானே பார்த்து முடிக்காமல் விற்கிறதில்லை என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

மூன்று சனிக்கிழமை எடுத்தது. லாச்சிக் கடிதங்களை ஒவ்வொன்றாக மனைவி உடைத்து வாசிக்க, நான் புதுக் கொப்பியில் பத்தி பிரித்தேன். போட்ட காசு எத்தனை பிராங். இன்றைக்கு விற்றால் எத்தனை. வந்த லாபம் எத்தனை. அதில் தர்மம், நிதியத்தின் கட்டணம். டொலரில் பார்த்தால் நல்லாகத்தான் உழைத்திருந்தது. டொலரின் பெறுமதி இறங்கியிருந்ததால், பிராங்குக்கு மாற்றியதும் பெரும்பகுதி கரைந்துபோனது. நாங்கள் சம்பளம் வாங்குவதும் செலவழிப்பதும் பிராங்கில். ஆகவே பிராங்குப் பத்திதான் எனக்கு உண்மை.

கடைசி வரியை மூன்று தரம் கூட்டினேன். போட்டதைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான், ஆனால் நட்டமில்லை.

"மூண்டு வருசமா இடைவேளைக்குக் கோப்பியும் குடிக்காமல் எழுதினீங்க, அதுவும் அரைக் கணக்கை" என்றாள் மனைவி.

"நிதியம் பிழை விடேல்ல. நான்தான்."

"சரி, இப்ப ரெண்டு பேரும் ஹஜ்ஜுக்குப் போகக் காசு காணுமோ?"

காணாது. கொஞ்சம் காசு போதவில்லை. மக்காவில் ஹரம் பள்ளிவாசலுக்குத் தூரத்து ஹோட்டல் என்றால் காணும் என்று பட்டியலைக் காட்டினாள்.

"ஓம், தூரத்தில எடுத்து நீ நொண்டி நொண்டி வா! கிட்ட இருக்கிறதுதான்."

அடுத்த நாளே பொறுப்பாளரிடம் போய் பதிவு திறக்கும்வரை வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எனக்கு வேலை போடச் சொன்னேன். தர்மப் பங்கை முதலில் அனுப்பினேன். பிறகு வங்கிக்குப் போய் அதே படிவத்தைப் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை விழுகிறது என்று விற்கவில்லை, எதற்குச் சேர்த்தேனோ அதற்கு நேரம் வந்துவிட்டது என்று விற்றேன்.

அண்ணை விடவில்லை. "என்ன நானா, கோப்பியும் கையுமா நிக்கிறீர்? பண்ட் செத்துப்போச்சோ?"

"இல்ல அண்ணை. ஹஜ்ஜுக்குப் போகுது."

"ஞாயிறும் வேலை எண்டு கேள்விப்பட்டன். உமக்கு மண்டை விசர்தான்" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் பங்குக்கு வரும் பெரிய சட்டிகளையும் அவரே இழுத்துப் போட்டுக் கழுவினார். மனைவி மாலையில் ஏரிக்கரையில் நடக்கப் பழகத் தொடங்கினாள். ஒவ்வொரு கிழமையும், போன கிழமை உட்கார்ந்த வாங்கைத் தாண்டி அடுத்த வாங்குவரை நடந்துதான் உட்காருவாள்.