யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது

சலூன் நாற்காலியில், ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. கத்தியை வைத்துவிட்டு வாட்ஸ்அப்பைப் பார்த்த சலூன்காரர், "சுகுணா டீச்சர் போயிட்டாங்களாம் பெரியவரே. நெஞ்சு வலியாம்" என்றார். ஊரையே கிண்டல் செய்கிறவன் நான். பதிலுக்கு என்னிடம் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுரையைத் துடைத்துக்கொண்டு பாதி முகத்தோடு டீச்சர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீச்சர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். சிரிக்க வேண்டியவர் படுத்துக் கிடந்தார். முதல் கோபம் அங்கேயே வந்துவிட்டது.

டீச்சருக்கான இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னீர்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சுரங்கத்தில் கரி கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போட்டு, காண்ட்ராக்ட் கூலியாகவே கிழவனானவன். எனக்கு நல்ல வார்த்தை மெதுவாகத்தான் வரும். கோபம் சீக்கிரம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி மூன்றாம் வகுப்பில் சுகுணா டீச்சரிடம் படித்தபோது அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். கொடுத்துவிட்டு வீடு திரும்பாமல் வகுப்பு ஜன்னலோரம் நிற்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட் வாசிப்பு நேரம், நாற்பது நிமிடம். சந்தைக்குப் போக மறுக்கும் ஓர் ஆட்டின் கதையை டீச்சர் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னா டீச்சரம்மா, இந்த வேகத்துல படிச்சிக்கினு இருந்தா ஆடு சந்தைக்குப் போறதுக்குள்ள செகண்ட் ஷிப்டே முடிஞ்சிடும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப உள்ள வந்து நீங்க படிங்க" என்று புத்தகத்தை நீட்டினார்.

மாட்டிக்கொண்டேன். கரி வாருகிற மாதிரி மூச்சு விடாமல் ஒரு நீள வரியை இழுத்துக்கொண்டு போய், நடுவில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். சேகர் என்று ஒரு பையன் சிரித்தான். இன்னொருத்தி அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தாள். டீச்சர் கையைக் காட்டினார். "யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. அவரே கண்டுபுடிப்பாரு."

ஓடுகிற பெல்ட் திடீரென்று நின்றால் சுரங்கத்தில் ஓர் அமைதி வரும். வகுப்பு அப்படி ஆனது. அந்த அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி படித்தேன். வார்த்தை வந்துவிட்டது. உடனே டீச்சர் புத்தகத்தை வாங்கி மூடினார். தாத்தா எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிள்ளைகளைக் கேட்டார். திரும்பப் போய் முதலிலிருந்து படித்தார் என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான் அன்றைய பாடம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை பிள்ளைகள் தாங்களாகவே படித்தார்கள்.

மறுநாளும் கூப்பிட்டார். தினமும் போனேன். கொஞ்சம் கதை, அதைவிடக் கொஞ்சம் பாடம், மீதியெல்லாம் பிள்ளைகளுக்கு. "பாடம் இத்துனூண்டு, சம்பளம் மட்டும் முழுசா?" என்று சீண்டினேன். "நான் பேசறது குறைஞ்சாதான் அவங்க படிக்கறது கூடும்ங்க" என்றார்.

ஒருநாள் வேடிக்கைக்காக, தெரிந்த வார்த்தையிலேயே தெரியாதவன் போல நின்றேன். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மணி அடித்ததும் டீச்சர் வெளியே வந்து, "பொய்யா நிக்காதீங்க பெரியவரே. நெஜமாவே நிக்கிறவன் உள்ள இருக்கான்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்த சேகரைத்தான் சொன்னார். வாசிப்பு நேரம் முழுக்க அவன் ஒரே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நின்று, திரும்பிப் போய், மறுபடி நின்று, மணி அடிக்கும்போது அந்தப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்திருப்பான். அதற்கு அவனுக்கு அத்தனை நேரமும் வேண்டும்.

அந்த நேரத்தைத்தான் எடுத்தார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர், கதை கேட்டால் மார்க் வருமா என்றார். வாசிப்பு நேரத்தில் இனி கேள்வி பதில் எழுத வேண்டும், வெளியாள் வகுப்புக்குள் வரக் கூடாது என்றார். பெற்றோரைத் திரட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம் என்று டீச்சரிடம் குதித்தேன்.

"சண்டைக்குப் போற நேரத்துல ரெண்டு பக்கம் படிச்சுடலாம்ங்க" என்றார்.

படிக்கவும் செய்தார். வருகைப் பதிவு எடுப்பதற்கு நடுவே ஒரு பக்கம், சத்துணவு வரிசையில் அரைப் பக்கம். கை கழுவும் குழாயடியில் நிமிடப் பாடம். கதையைத் துண்டு போட்டார், பாடத்தைத் துண்டு போட்டார். ஆனால் சேகர் விரல் வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தை எப்படித் துண்டு போடுவது? கேட்டேன். அவர் அடுத்த துண்டைப் படிக்கப் போய்விட்டார். சேகர் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போதும் பக்கத்தின் பாதியில்தான் நின்றான். டீச்சர், நீங்கள் சண்டை போட்டிருக்க வேண்டும். செத்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த மரியாதை தெரியாது.

பள்ளி மைதானத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். அன்று முழு முகமும் மழித்திருந்தேன். அதே தலைமையாசிரியர்தான் இரங்கல் உரையை வாசித்தார். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "வாசிப்பு நேரத்தைத் தம் உயிராக" என்று வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையெழுத்து புரியவில்லையா, மனசாட்சி உறுத்தியதா, தெரியாது. மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற ஆசிரியை குனிந்து தாளை எட்டிப் பார்த்து, அடுத்த வார்த்தையைச் சொல்லப் போனார்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, டீச்சரின் கடைசி வகுப்புப் பிள்ளை, மெல்லச் சொன்னாள்: "சொல்லாதீங்க மிஸ். சாரே கண்டுபுடிப்பாரு."

நான் சிரித்துவிட்டேன். இரங்கல் கூட்டத்தில் சிரித்த கிழவன் யார் என்று நிறையப் பேர் திரும்பிப் பார்த்தீர்கள். நான்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. மைதானம் முழுக்க அந்தப் பெல்ட் நின்ற அமைதி. எழுந்து நின்று கத்த வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். முடியவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அந்த மனிதருக்காகக் காத்திருந்தேன். அவர் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனார். "வாசிப்பு நேரத்தைத் தம் உயிராகக் காத்தவர்" என்று சின்னக் குரலில் படித்து முடித்தார்.

சுகுணா டீச்சர் எனக்கு விட்டுப்போனது இந்தக் காத்திருப்புதான். எனக்குப் பிடிக்காத பழக்கம். கோபக்காரனுக்குக் கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த நாற்பது நிமிடம் இன்னும் கேள்வி பதிலிலேயே போகிறது. ஐயா தலைமையாசிரியரே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். அந்த நேரத்தை என்ன செய்ய வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு பழைய ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். திரும்பிப் போய் முதலிலிருந்து படித்துப் பாருங்கள்.