கொடியைப் பரிசாக வைத்தவர்

நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரின் பாபடோயிட்டோயில் எங்கள் பஸ் தரிப்புக்கு முன்னால் ஒரு டெயரி இருந்தது. பாலும் பாணும் பேப்பரும் விற்கிற மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதன் கண்ணாடியில், ஐஸ்கிரீம் படத்துக்கும் காணாமற்போன பூனையைத் தேடும் துண்டுக்கும் நடுவில், ஒரு நாள் காலை அக்காவின் முகம் ஒட்டியிருந்தது. அழுகிற முகம். வாய் கோணி, மூக்கு விடைத்து, தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்ற நினைவே இல்லாமல் அழுகிற முகம். கீழே தடித்த ஆங்கில எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இந்தக் கண்ணீரைத் துடையுங்கள். கீழைத்தேச மணப்பெண்ணின் அசல் தங்கத்தை வெல்லுங்கள்.' அக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஆனால் படத்தின் மூலையில் தன் தாலிக்கொடி ஒரு வெல்வெட் துணியில் கிடப்பதை அறிந்துகொள்ள ஆங்கிலம் தேவைப்படவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. பக்கத்து வீட்டில் தன் தமையன் குடும்பத்தோடு இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் அவருடைய புருஷனைக் கொன்றுவிட்டார்கள். தமையன் இங்கே கூப்பிட்டெடுத்தார். ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் காலுறைகளைச் சோடி சேர்த்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. யாரிடமும் எதையும் கேட்காத மனுசி. அந்தப் படம், கலவரத்தில் செத்தவர்களுக்காக எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில் எடுத்தது. அன்று படம்பிடித்துக்கொண்டு திரிந்தவனை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது இப்படி ஒரு கண்ணாடியில் போய் ஒட்டும் என்று யார் கண்டது?

சங்கத்தின் தலைவர் ஒரு டொக்டர். எங்கள் சனம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது. கோயில் இல்லை, வாசிகசாலை இல்லை, தலைவர் மட்டும் இருந்தார். வருடா வருடம் தேர்தல் என்று கூட்டம் நடக்கும், வருடா வருடம் அவரே வருவார். எந்த நிகழ்ச்சியிலும் முன்வரிசை நடுக்கதிரை அவருக்கு. 'எல்லாம் எங்கட சனத்துக்காகத்தான்' என்பது அவர் வாயில் எப்போதும் ஊறிக்கிடந்த வசனம். இன்றைக்கும் யாராவது அதைச் சொன்னால் நான் எழும்பிப் போய்விடுவேன்.

கொடியைக் கொடுக்க அக்காவோடு அவர் வீட்டுக்குப் போனவள் நான். கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்ததை அக்கா மேசையில் வைத்தார். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் நல்லநாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள். பத்தர் வந்து மாப்பிள்ளை வீட்டில் எல்லோர் முன்னிலும் பொன்னை உருக்கிய பிறகுதான் தாலி செய்வது. அதை நினைத்துத்தான் அக்கா சொன்னார்: "ஐயா, இது உருக்கிச் செய்தது. உருக்கித்தான் குடுக்கவேணும். முழுசா ஒருத்தற்றை கழுத்துக்கும் போகக்கூடாது. உருக்கி வித்து, அகதி முகாமில கிடக்கிற பிள்ளையளுக்கு அனுப்பிவிடுங்கோ." தலைவர் நெஞ்சில் கைவைத்து, "தங்கச்சி, நீங்கள் யோசியாதேங்கோ, இது என்ர பொறுப்பு" என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. கொடியைப் பார்த்ததும் தட்டோடு ஓரடி பின்னுக்குப் போனா. எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

நான் அந்த நாளில் நகரத்தில், ராஃபிள் என்கிற பரிசுக் குலுக்கலுக்கு உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் கிளாக். ரக்பி கழகங்களும் ஹோட்டல் பார்களும் ஆட்டுத்தொடையைப் பரிசாக வைத்து டிக்கெட் விற்கிற ஊர் இது. அவற்றின் கடுதாசிகளெல்லாம் என் மேசைக்கு வரும். தெரிந்தவர்களின் விண்ணப்பத்தை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி. அதனால் எங்கள் சங்கத்தினுடையது எனக்குத் தெரியாமலே உள்ளே போய் உரிமமாக வெளியே வந்திருந்தது. உருக்கி விற்றால் வரும் காசைவிட ராஃபிள் பலமடங்கு தரும் என்று தலைவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அவர் தன் சனத்தை மறந்துவிட்டார். தாலியறுத்தவளின் கொடியை வெல்ல எந்தத் தமிழன் டிக்கெட் வாங்குவான்? பரிசு தங்களுக்கு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்கு வீடு பயந்திருக்கிறார்கள். "காசைத் தாறம், டிக்கெட்டை நீங்களே வச்சிருங்கோ" என்று கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் இரண்டு வீட்டையும் மட்டும் டிக்கெட் விற்றவர்கள் விலத்திக்கொண்டு போனார்கள். எங்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை. இவ்வளவு நடந்தும் தலைவருக்கு வெட்கம் வரவில்லை. நம்மவர் வாங்காவிட்டால் வெள்ளைக்காரர் வாங்கட்டும் என்று விளம்பரத்தை டெயரிகளிலும் ஒனிஹங்கா பார்களிலும் ஒட்டினார்.

விளம்பரத்தைக் கண்ட அன்றே நான் என் மேலதிகாரியிடம் போனேன். சிவந்த முகமும் பழைய ட்வீட் கோட்டுமாக இருக்கும் மனிதர். கறார்ப் பேர்வழி. நான் பிய்த்துக்கொண்டு போயிருந்த விளம்பரத்தை மேலும் கீழும் வாசித்தார். பிறகு சொன்னார், கேவலமான விளம்பரத்தைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை, உரிம எண் போடாத விளம்பரத்தைத் தடுக்கத்தான் இடமிருக்கிறது என்று. அதில் எண் இல்லை. உடனே தலைவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். தலைவர் இறக்கினார். மறுநாள் அக்காவின் கன்னத்துக்கு மேலே கறுப்பு மையால் உரிம எண்ணை எழுதி, அதே இடங்களில் திரும்ப ஒட்டினார். காறித் துப்பவேண்டும்போல இருந்தது. பரிசை மாற்றலாமா என்று கேட்டேன். அதுவும் முடியாது. எதைக் காட்டி டிக்கெட் விற்றாயோ அதையே கொடுக்கவேண்டும். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கப் போட்ட விதி அது, எங்கள் அக்காவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. ஒரேயொரு வழி, சங்கம் தானாக உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து, வாங்கியவர்களுக்குக் காசையும் திருப்பிக் கொடுப்பது.

அதைச் சொல்லத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? வெள்ளைக்காரனிட்டைக் காசைத் திருப்பிக் குடுத்தால் எங்கட மானம் என்ன ஆகிறது?" என்றார். அக்காவின் மானத்தை டெயரிக் கண்ணாடியில் ஒட்டியவரின் வாய் அது. "அது வெறும் பவுண். நீங்கள் படிச்ச பிள்ளையள், இந்த மூடநம்பிக்கையளை விடுங்கோ" என்று எனக்குப் புத்தியும் சொன்னார். குசினிக் கதவடியில் அவர் மனைவி நின்றா.

குலுக்கல் த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் நடந்தது. பரிசை எல்லோரும் பார்க்க வைக்கவேண்டும் என்பதால் கொடி மேடையில், வெல்வெட் துணியில், மின்விளக்குக்குக் கீழே கிடந்தது. நம்மவர்கள் பின்வரிசைகளில் ஒண்டியிருந்தார்கள். முன்னால் டிக்கெட் வாங்கிய வெள்ளைக்காரர் கொஞ்சப்பேர். அக்கா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தொழிற்சாலைச் சட்டையோடு வந்து நேரே மேடைக்குக் கீழே நின்றார்.

"ஐயா, இது வெறும் பவுண் எண்டு சொன்னீங்களாம். ஓம் எண்டால் உங்கட மனுசியின்ர கழுத்தில ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. பாத்திட்டு நான் பேசாமல் போறன்."

முன்வரிசையில் இருந்த தலைவரின் மனைவியின் கை தானாகத் தன் கொடிக்குப் போனது. அதை இறுகப் பொத்திக்கொண்டு கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தா. தலைவர் அதைப் பார்த்தார். வேறொருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பான். இவர் தொண்டையைச் செருமி, "சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, தங்கச்சி. இந்தா, இந்தப் பிள்ளையைக் கேளுங்கோ" என்று விரலை என் பக்கம் நீட்டிவிட்டு, டிக்கெட் பெட்டியைக் குலுக்கினார்.

ஒரு வெள்ளைக்கார மனுசிக்கு விழுந்தது. வயது போனவ, கம்பளியில் பின்னிய கார்டிகன் சட்டை, ஒனிஹங்கா பாரில் டிக்கெட் வாங்கினவவாம். நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் அவவுக்கு விளங்கியிருக்காது. ஆனால் விளம்பரத்தில் இருந்த முகத்தை அடையாளம் தெரிந்தது. மேடையில் கொடியை வாங்கினா, படியிறங்கினா, அக்காவின் இரண்டு கையையும் பிடித்து அதற்குள் வைத்தா. "இது உன்னுடையது, கண்ணே" என்று ஆங்கிலத்தில் சொன்னா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் தலைவர் மேடையிலிருந்து பாய்ந்து வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, தன் கையையும் கொடிக்குக் கீழே கொடுத்து, படக்காரனைப் பார்த்துச் சிரித்தார். கமரா மின்னியது. தொடர்ந்து கைதட்டவும் சொன்னார். எங்கள் சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலை நான் அவருக்கும் மன்னிக்கவில்லை, அவர்களுக்கும் மன்னிக்கவில்லை.

அந்தக் கிழமையே அக்கா ஒனிஹங்காவில் ஒரு நகைக்காரரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பொன் உருகி ஓடும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். காசைச் சங்கத்தின் வழியாக அனுப்பவில்லை.

போன வருடம் தலைவர் காலமானார். இப்போது எங்கள் சனம் எவ்வளவோ பெருகிவிட்டது. நினைவுக்கூட்டத்துக்கு இளசுகள்கூட வந்திருந்தார்கள். மேடையில் ஆளுயரத்துக்கு அந்தப் படம். தலைவர் கொடியை நீட்டுகிறார், அக்கா வாங்குகிறார். கீழே, 'விதவையின் துயர் துடைத்த கரம்'. இந்த விளம்பரத்துக்கு உரிம எண் கேட்க எந்த அலுவலகமும் கிடையாது. அப்போது அக்காவையும் இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். எழும்பவேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மேடைக்கு ஏறினார். படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு மைக்குக்கு வந்தார்.

"கொடியை எனக்குத் திருப்பித் தந்தது ஒரு வெள்ளைக்கார மனுசி. பேர் தெரியாது. படத்தில அவவை வெட்டிப்போட்டீங்கள். கார்டிகன் கை மட்டும் கரையில கிடக்கு, வடிவாய்ப் பாருங்கோ."

சொல்லிவிட்டு இறங்கி வந்தார். மண்டபம் முழுவதும் எட்டி எட்டி அந்தக் கையைத் தேடியது.